ஒரு பேரெண்ணும் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளும்

சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அரசன் பரிசளிக்க முன்வந்த கதை நீங்கள் அறிந்ததே. முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டங்களையும் நிரப்பித் தந்தால் போதும் என்று அவன் கேட்டான். அரண்மனைக் களஞ்சியம் முழுவதும் காலியாகியும் பலகை நிரம்பவில்லை. கதை அங்கே முடிகிறது. நாம் அந்தப் பலகையுடன் இன்னும் மூன்று கட்டங்களை ஒட்டவைத்துப் பார்ப்போம். 67 கட்டங்களிலும் சேரும் நெல்மணிகள் எத்தனை?

ஒரு கட்டம் மட்டும் இருந்தால் மொத்தம் 1, இரண்டு கட்டங்களில் 3, மூன்றில் 7, நான்கில் 15. ஒவ்வொரு தடவையும் மொத்தத் தொகை, அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவாக இருப்பதைக் காண்கிறீர்கள். எனவே 67 கட்டங்களுக்கான தொகை, இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதாவது 2⁶⁷−1. இதை விரித்து எழுதினால்,

14,75,73,95,25,89,67,64,12,927

என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். ஆயிரம் நெல்மணிகளின் எடை 20 கிராம் என்று கொண்டால், இக்குவியலின் எடை சுமார் 3 இலட்சம் கோடி டன். நொடிக்கு ஒரு மணியாக எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்கப் பேரண்டத்தின் வயதாகிய 1,380 கோடி ஆண்டுகளைப் போல் 300 மடங்குக்கும் மேற்பட்ட காலம் தேவைப்படும்.

எண்ணின் பருமன் இருக்கட்டும். நம்முடைய கேள்வி வேறு. இந்தக் குவியலை ஒன்றும் மிஞ்சாமல், எவருக்கும் கூடாமல் குறையாமல், சமமாகப் பங்கிட முடியுமா? இருவருக்கு முடியாது, இது ஒற்றைப்படை எண். மூவருக்கும் முடியாது, இலக்கங்களின் கூட்டுத்தொகை 109, அது 3ஆல் வகுபடாது. ஐவருக்கும் முடியாது, கடைசி இலக்கம் 0 அல்ல, 5உம் அல்ல. அப்படியானால் வேறு எத்தனை பேருக்குத்தான் முடியும்? எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 259 ஆண்டுகள் ஆயின.

துறவி தந்த பட்டியல்

1ஆலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 என்பன பகா எண்கள். வகுபடுவது பகு எண். 2⁶⁷−1 பகா எண்ணா, பகு எண்ணா என்பதே நெற்குவியலைப் பற்றிய நம் கேள்வியின் கணித வடிவம்.

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களின்மேல் கணித அறிஞர்களுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்? தன்னை நீக்கிய மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக உள்ள எண்ணைப் பண்டைக் கிரேக்கர் நிறைவெண் என்று போற்றினர். 6 = 1+2+3; 28 = 1+2+4+7+14. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண் ஒன்று பகா எண்ணாக அமைந்துவிட்டால், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணை உண்டாக்கலாம் என்று யூக்ளிட் தம் நூலில் நிறுவினார். 3 பகா எண்; ஆகவே 2×3 = 6. 7 பகா எண்; ஆகவே 4×7 = 28. அடுத்து 31; 16×31 = 496.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் முடிவும் பகு எண்ணாகவே இருக்கும் என்பதை எளிதில் காட்டலாம். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்; ஆயினும் 2¹¹−1 = 2047 = 23×89.

இந்த எண்களோடு தம் பெயரை என்றைக்கும் இணைத்துக்கொண்டவர் மரீன் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி. பௌதிக மாணவர்களுக்கு இவர் அயலார் அல்லர். ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டர் கம்பியின் நீளத்தையும் இழுவிசையையும் மாற்றி அதிர்வெண்ணை ஆராய்கிறோமே, அந்த விதிகள் மெர்சென் விதிகள்தாம். 1644ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு பட்டியலைத் தந்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும். 257 வரையுள்ள மற்ற அடுக்குகளுக்குக் கிடைக்காது என்பது அவர் கூற்று. நிறுவல் எதுவும் தரவில்லை. 15 அல்லது 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்ற கருத்தை அவரே எழுதியும் இருக்கிறார். எனினும் சொன்னவர் பெரியவர். மறுப்பதற்கு வழி தெரியவில்லை. பட்டியல் நிலைத்துவிட்டது. அதில் 67 இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள்.

ஃபெர்மா காட்டிய குறுக்கு வழி

சோதித்துப் பார்ப்பதில் அப்படி என்ன கடினம்? 2⁶⁷−1இன் வர்க்கமூலம் சுமார் 1,214 கோடி. அதுவரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஆனால் அத்தகைய பகா எண்கள் 45 கோடிக்கும் மேல் இருக்கின்றன.

மெர்சென்னின் நண்பர் ஃபெர்மா 1640இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சுமையைப் பெரிதும் குறைக்கும் உண்மை ஒன்றைத் தெரிவித்தார். அடுக்கு ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்குமானால், காரணிகளை அடுக்கின் இருமடங்கால் வகுக்கும்போது மீதி எப்பொழுதும் 1 ஆகவே இருக்கும். 2³⁷−1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 37இன் இருமடங்கு 74. ஆகவே 75, 149, 223, 297 என்று 74 கூடிக்கொண்டே போகும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 75 பகு எண். 149ஆல் வகுபடவில்லை. 223ஆல் வகுபட்டுவிட்டது! இவ்வாறு பன்னிரண்டு இலக்க எண் ஒன்றின் காரணியை இரண்டே வகுத்தல்களில் ஃபெர்மா பிடித்துவிட்டார்.

பின்னர் இன்னொரு விதியும் தெரியவந்தது: இக்காரணிகளை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்கும். இவ்விரு விதிகளையும் கொண்டு 1772இல் ஆய்லர் 2³¹−1 = 2,14,74,83,647 பகா எண்ணே என்று நிறுவினார். அவ்வெண்ணின் வர்க்கமூலம் 46,341ஐ எட்டாது. விதிகளுக்கு உட்பட்ட பகா எண்கள் அதற்குள் மிகச் சிலவே. மெர்சென்னின் பட்டியலில் 31 சரியாயிற்று. 67? அங்கே இந்த வழியும் திணறியது. 134 கூடிக்கொண்டே போகும் எண்களில் பாதியைத் தள்ளினாலும், 1,214 கோடிக்குள் சுமார் நாலரைக் கோடி எண்கள் மிஞ்சுகின்றன.

பானையைத் தட்டிப் பார்த்த லூக்கா

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ‘டங்’ என்று ஒலித்தால் நல்ல பானை. மழுங்கிய ஒலி வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. விரிசல் எந்த இடத்தில் என்பதை ஒலி சொல்லாது. இருக்கிறது என்பதை மட்டும் தப்பாமல் சொல்லிவிடும். எண்களைத் தட்டிப் பார்க்க இத்தகைய ஒரு முறையை 1876இல் கண்டவர் எடுவார் லூக்கா என்ற பிரெஞ்சு ஆசிரியர்.

அம்முறையை 1930இல் லெஹ்மர் செம்மைப்படுத்திய எளிய வடிவில் இங்கே தருகிறேன். 4 என்ற எண்ணில் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழியுங்கள். கிடைத்ததைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அவ்வாறே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் செய்தபின் மீதி 0 ஆனால் அது பகா எண். ஆகாவிட்டால் பகு எண்.

31 = 2⁵−1 ஐத் தட்டிப் பார்ப்போம். அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை. 4×4−2 = 14. 14×14−2 = 194; 31ஆல் வகுக்க மீதி 8. 8×8−2 = 62; மீதி 0. பானை நல்ல பானை. 2047க்கு ஒன்பது தடவை செய்ய வேண்டும். மீதிகள் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று வருகின்றன. கடைசி மீதி 0 அல்ல. ஆகவே விரிசல் உண்டு. 23 என்றோ 89 என்றோ இக்கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தம் முறையைக் கொண்டு லூக்கா 39 இலக்கங்களையுடைய 2¹²⁷−1 பகா எண் என்று காட்டினார். 2⁶⁷−1ஐத் தட்டியபோது ஒலி மழுங்கிவிட்டது. 232 ஆண்டுகளாக நம்பப்பட்டு வந்த மெர்சென்னின் சொல் பொய்த்தது. நெற்குவியலைச் சமமாகப் பங்கிட முடியும் என்பது உறுதியாயிற்று. ஆனால் எத்தனை பேருக்கு என்பது எவருக்கும் தெரியவில்லை. இன்னும் 27 ஆண்டுகளுக்கு அது தெரியாமலே இருந்தது.

பேசாத பேச்சு

1903ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. பேரெண்களைக் காரணிப்படுத்துதல் பற்றிக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் கட்டுரை படிப்பார் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று நடந்ததைக் கணித வரலாற்று நூல்களால் புகழ்பெற்ற எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் இப்படி விவரித்திருக்கிறார்.

கோல் இயல்பாகவே அதிகம் பேசாதவர். அவர் எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். இரண்டின் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு எழுதி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் மறுபக்கத்துக்கு நகர்ந்து,

193707721 × 761838257287

என்று எழுதி, பள்ளி மாணவனைப் போல வரி வரியாகப் பெருக்கத் தொடங்கினார். பெருக்கி முடிந்ததும் இரு பக்கங்களிலும் ஒரே எண் நின்றது. அவையினர் கைதட்டினர். ஒரு சொல்லும் பேசாமல் கோல் தம் இருக்கைக்குத் திரும்பினார். எவரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று பல ஆண்டுகளுக்குப்பின் பெல் வினவியபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையளித்தாராம்.

பெல் கதையைச் சுவைபடச் சொல்வதில் வல்லவர். நிகழ்ச்சிக்குப் பல்லாண்டுகள் கழித்தே இதை எழுதினார். ஆகவே அவருடைய விவரிப்பைச் சற்று உப்புப் பார்த்தே உண்ண வேண்டும். ஆனால் கோலின் முறை அச்சில் இருக்கிறது. அவர் எழுதிய இரு காரணிகளும் மாறாமல் நிற்கின்றன.

கோல் எப்படித்தான் கண்டார்? சிறிய காரணியாகிய 193707721, 134 கூடிச் செல்லும் வரிசையில் 14,45,580ஆவது எண். 8ஆம் எண் விதியால் பாதி கழிந்தாலும் 7 இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். வகுத்தலுக்கு இரண்டு நிமிடம் என்று கொண்டால் 24,000 மணி நேரம். மூன்றாண்டுகளின் 156 ஞாயிறுகளிலும் உணவும் உறக்கமுமின்றி உழைத்தாலும் 3,744 மணிதான். 3, 5, 7 போன்றவற்றின் மடங்குகளை நீக்கிச் சுமையைக் குறைக்கலாம். ஆயினும் தேடல் எங்கே நிற்கும் என்பது தேடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாதே!

அவருக்குக் கைகொடுத்தது வர்க்க மீதி என்னும் கருத்து. ஒரு வர்க்க எண்ணை நம் பேரெண்ணால் வகுக்கும்போது மீதியாக ஒரு சிறிய எண் வருகிறது என்று கொள்வோம். பேரெண்ணுக்கு எவை காரணிகளோ, அவற்றுக்கும் அந்தச் சிறிய எண் வர்க்க மீதியாக இருந்தாக வேண்டும். ஆனால் பகா எண்களில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் அது அவ்வாறு அமையும். மறுபாதியை வகுத்துப் பார்க்காமலே தள்ளிவிடலாம். முன்பு சொன்ன 8ஆம் எண் விதியும் இதன் விளைவே: 2⁶⁸ என்பது 2³⁴இன் வர்க்கம், அதை 2⁶⁷−1ஆல் வகுத்தால் மீதி 2. இவ்வாறு ஒன்றையொன்று சாராத பத்துச் சிறிய மீதிகள் அகப்பட்டால் தேட வேண்டியவை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளை மட்டும் வைத்து நினைத்த பொருளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் போன்றது இது.

தேடுவதும் சரிபார்ப்பதும்

கோல் செய்த பெருக்கலை என் வகுப்பு மாணவர்களிடம் ஒருமுறை கொடுத்தேன். இரண்டு மாணவர்கள் கரும்பலகையில் தனித்தனியே செய்தார்கள். இருபது நிமிடங்களில் இருவரும் முடித்தார்கள். விடைகள் வெவ்வேறாக இருந்தன! எது தவறு என்று காண, நம் தாத்தாக்கள் காலத்து ஒன்பதால் சோதிக்கும் முறையைக் கையாண்டோம். முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, பிறகு 10, பிறகு 1. இரண்டாவதற்கு 64, பிறகு 10, பிறகு 1. ஆகவே பெருக்கல் விடைக்கும் 1 வர வேண்டும். ஒருவருடைய விடைக்கு 2 வந்தது. ஓரிடத்தில் கைமாற்ற இலக்கத்தை இருமுறை கூட்டிவிட்டிருந்தார். அதைத் திருத்தியதும் கோலின் எண் பலகையில் நின்றது.

நீங்களும் செய்து பாருங்கள். சிறிய காரணியை 19,30,00,000 என்றும் 7,07,721 என்றும் பிரித்துக்கொண்டால் வேலை எளிதாகும். பெரிய காரணியை முதற் பகுதியால் பெருக்கினால் 147034783656391000000. இரண்டாம் பகுதியால் பெருக்கினால் 539168933285412927. இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டு ஞாயிறுகளில் தேடிக் கண்டதை, இருபது நிமிடத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் சரிபார்த்துவிடுகிறார். அதற்குக் கோலின் பெருமையும் வேண்டாம், மெர்சென்னின் மதிப்பும் வேண்டாம். பெருக்கத் தெரிந்தால் போதும். சொன்னவர் யார் என்று பார்த்ததால் 232 ஆண்டுகள் ஒரு பிழை நிலைத்தது. சொன்னதைச் சரிபார்க்க வழி கிடைத்த நாளில் வாதம் ஓய்ந்தது.

மெர்சென் பட்டியலின் மற்றப் பிழைகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1883இல் பெர்வூஷின் என்ற ருஷ்ய கிராமப் பாதிரியார் 2⁶¹−1 பகா எண் என்று காட்டினார். மெர்சென் அதை விட்டிருந்தார். 89, 107 ஆகிய அடுக்குகளையும் அவர் விட்டிருந்தது 1911, 1914ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது. 257ஐச் சேர்த்ததும் தவறாயிற்று. 257 வரையுள்ள எல்லா அடுக்குகளும் சோதித்து முடிக்கப்பட்டது 1947இல்தான். மொத்தம் ஐந்து பிழைகள். எனினும் சரியான கேள்வியைக் கேட்டதற்காக இவை இன்றும் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன.

பயனற்ற ஆராய்ச்சியா?

இதனால் யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித அறிஞரும் இப்படித்தான் எண்ணினார். ஆய்லரின் 2³¹−1இலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணே இனி எக்காலத்துக்கும் பெரியதாக இருக்கக்கூடும். இவை வெறும் வேடிக்கைகளேயன்றிப் பயனுள்ளவை அல்ல. ஆகவே அதற்கு அப்பால் தேட எவரும் முன்வரமாட்டார் என்று எழுதினார்.

அவர் கணிப்பு இரு வகையிலும் தவறியது. தேடல் நிற்கவில்லை. 1996இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியில் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் தங்கள் கணிப்பொறிகளைக் கொண்டு மெர்சென் பகா எண்களைத் தேடிவருகின்றனர். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணின் அடுக்கு 13,62,79,841. விரித்தெழுத 4,10,24,320 இலக்கங்கள் வேண்டும்.

பயனும் வந்து சேர்ந்தது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் ஆகிய மூவர் இரகசியச் செய்திகளைக் காக்கப் புதிய முறை ஒன்றை வகுத்தனர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது அரிது. கோலின் ஞாயிறுகளுக்கும் நம் இருபது நிமிடத்துக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் அவர்களுடைய பூட்டு. அவ்வாண்டு அவர்கள் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, அதைப் பயன்படுத்திப் பூட்டிய செய்தியைப் படித்துக் காட்டுவோருக்கு 100 டாலர் பரிசு அறிவித்தனர். 1994இல் சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணிப்பொறிகளை எட்டு மாதங்கள் இயக்கிய பிறகே அவ்வெண் பிளந்தது. அவர்கள் கையாண்ட வழியும் வர்க்கங்களையும் அவற்றின் மீதிகளையும் அடிப்படையாகக் கொண்டதே. இணையத்தில் பணப் பரிமாற்றங்களைக் காக்க இன்று இம்முறையில் அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்களையுடைய எண்கள் கையாளப்படுகின்றன.

பானையைத் தட்டிப் பார்க்கும் வேலையிலோ நம் நாட்டவர் பெரும் வெற்றி கண்டனர். 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா ஆகிய மூவர், எந்த எண்ணையும் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் சோதிக்க வழி உண்டு என்று நிறுவினர். விரிசலின் இடத்தைக் காண அத்தகைய விரைவான வழி சாதாரணக் கணிப்பொறிகளுக்கு இதுவரை கிட்டவில்லை. வழியே இல்லை என்றும் எவரும் நிறுவவில்லை. குவாண்டம் விதிகளில் இயங்கும் கணிப்பொறியால் அது முடியும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். 2001இல் அத்தகைய சிறு கருவி ஒன்று 15ஐ 3×5 என்று பிரித்தது. 15இலிருந்து அறுநூறு இலக்கங்களுக்குப் போகும் பாதை நெடியது. அதில் நடக்க வேண்டியவர்கள் பௌதிகம் படிப்பவர்கள்.

நம் நெற்குவியலுக்குத் திரும்புவோம். அதை 19,37,07,721 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். ஆளுக்கு 76,183 கோடியே 82 இலட்சத்து 57 ஆயிரத்து 287 மணிகள். அல்லது ஆட்களையும் பங்கையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். இவ்விரு காரணிகளும் பகா எண்கள். ஆகவே வேறெந்த வகையிலும் பங்கிட முடியாது.

முடிவாக ஒரு பயிற்சி. 2²⁹−1 = 53,68,70,911. இது பகு எண். இதன் மிகச் சிறிய காரணியைக் கண்டுபிடியுங்கள். 58 கூடிச் செல்லும் எண்களை வரிசையாக எழுதி, 8ஆம் எண் விதிக்கு ஒவ்வாதவற்றையும் பகு எண்களையும் அடித்துவிட்டால், முதல் வகுத்தலிலேயே விடை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.